கடலூர் ஜூஸ் கடையும் மக்காச்சோளக் கப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் சாலையில் ஒரு ஜூஸ் கடை இருக்கிறது. கரும்புச்சாறு, நன்னாரி சர்பத், ரோஸ்மில்க், மழைக்காலம் வந்தால் சுக்குக் காபி, சாயங்காலம் சுண்டல். ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச் என்ற அந்தக் கடற்கரைக்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேர் கடையில் உட்கார மாட்டார்கள். கையில் வாங்கிக்கொண்டு நேராக மணலுக்குப் போய்விடுவார்கள். இந்தக் கடைக்காரர் தாவரத்திலிருந்து செய்த மக்கும் கப்புக்கு மாறினார். அடுத்த கோடை முடிவதற்குள் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். ஏன் மாறினார், ஏன் விட்டார், இடையில் அந்தக் கப்புகள் எங்கே போயின என்பதை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இதே கப்பை வாங்கலாமா என்று புதுச்சேரியிலும் சிதம்பரத்திலும் பல கடைக்காரர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கடையின் பெயரும் கப் விற்றவரின் பெயரும் இங்கே தேவையில்லை.

மாறிய காரணம்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் டம்ளரும் தெர்மாகோல் கப்பும் மட்டுமல்ல, உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. இது பலருக்கு இன்றும் தெரியாது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்குமான தடையும் வந்தது. அந்த மத்திய விதிகள் மக்கும் பிளாஸ்டிக்கில் செய்த பொருட்களுக்கு விலக்கு தருகின்றன. ஆனால் அவை ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும், தயாரிப்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும்.

கடைக்காரர் சட்டத்துக்குப் பயந்து மாறவில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் கடலுக்குப் போகிறவர்கள். வலையை இழுத்தால் மீனோடு கப்பும் கவரும் ஏறி வருவதை வீட்டிலேயே கேட்கிறவர். ஐப்பசி, கார்த்திகையில் கெடிலம் ஆறு பெருகும்போது ஊர்க் குப்பை முழுவதும் முகத்துவாரத்தைத் தாண்டிப் போவதை வருஷா வருஷம் பார்க்கிறவர். அதனால்தான் வியாபாரி ஒருவர் பளபளப்பான ஒரு கப்பைக் காட்டி, "மக்காச்சோளத்துல செஞ்சது சார், மண்ணுல போட்டா மூணு மாசத்துல மண்ணாயிடும்" என்றதும் உடனே வாங்கினார். சாதாரணக் கப்பைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலை. சர்பத் விலையைக் கொஞ்சம் ஏற்றி, மீதியைத் தன் லாபத்திலிருந்து போட்டார். "எங்கள் கப் மண்ணோடு மக்கும்" என்று ஒரு பலகையும் எழுதி மாட்டினார்.

இந்த மாதிரி ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுடைய பணத்தையும் நல்லெண்ணத்தையும் அரைகுறைத் தகவல் வீணாக்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அந்தக் கப் எதனால் ஆனது

அதன் பெயர் பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாக பிஎல்ஏ. மக்காச்சோள மாவிலிருந்தோ கரும்பிலிருந்தோ சர்க்கரையை எடுத்து, அதை நுண்ணுயிர்களை வைத்துப் புளிக்க வைத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். தயிருக்குப் புளிப்பைத் தருவதும் அதே அமிலம்தான். அந்தச் சிறு மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாகக் கோத்தால் பிஎல்ஏ. ஒரு கிலோ பிஎல்ஏ செய்ய ஒன்றரைக் கிலோவுக்கும் சற்று அதிகமான சர்க்கரை வேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்ற ஊரில் 2002 முதல் மக்காச்சோளத்திலிருந்து செய்கிறார்கள். தாய்லாந்தின் ரயோங்கில் கரும்பிலிருந்து செய்யும் ஆலை ஆண்டுக்கு 75,000 டன் கொள்ளளவு உடையது. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் பல்ராம்பூர் சீனி மில்ஸ் நிறுவனம் இதற்கென ஓர் ஆலையை 2024-இல் அறிவித்தது. கடலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் நெல்லிக்குப்பத்தில் 1840-களிலிருந்து சர்க்கரை ஆலை இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் நிலுவைப் பணத்துக்காக அலைவதைப் பார்த்தவன் என்ற முறையில், சர்க்கரைக்கு இப்படி ஒரு புதுச் சந்தை நம் மாவட்டத்துக்கும் வராதா என்ற ஆசை எனக்கு உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொருள் எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. கடைசியில் அது மக்குமா என்பது வேறு கேள்வி. பிரேசிலில் 2010 முதல் கரும்பிலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். முழுக்கத் தாவரம்தான், ஆனால் சாதாரண பாலித்தீனைப் போலவே மக்காது. இன்னொரு பக்கம் பிபிஏடி என்ற பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, ஆனால் உரக்குழியில் மக்கிவிடும். மக்கும் கேரி பேக்குகள் பலவற்றில் இருப்பது இந்த பிபிஏடியோடு ஸ்டார்ச்சோ பிஎல்ஏவோ கலந்த கலவைதான். "சோளத்தில் செய்தது, அதனால் மக்கிவிடும்" என்ற வாதத்தில் உள்ள "அதனால்" செல்லாது. கடைக்காரர் நம்பியது அந்த ஒரு "அதனால்"-ஐத்தான்.

முதலில் வந்த இரண்டு சங்கடங்கள்

மழைக்காலத்தில் சுக்குக் காபியை அதே கப்பில் ஊற்றினார்கள். கப் ஒரு பக்கமாகச் சரிந்து, வாங்கியவர் கையில் சுடச்சுடக் கொட்டியது. சாதாரண பிஎல்ஏ 55 முதல் 60 டிகிரிக்குள் இளகத் தொடங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய காபி 80 டிகிரிக்கும் மேலே இருக்கும். சூட்டைத் தாங்கும்படி படிகமாக்கிய பிஎல்ஏ உண்டு, மக்கும் ஸ்பூன்களும் மூடிகளும் அதில் வருகின்றன. அது பால்வெள்ளையாக இருக்கும், விலையும் கூட. கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் பிஎல்ஏ கப் குளிர்ந்த பானத்துக்கு மட்டும்தான். விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அடுத்தது கோடவுன். கடையின் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு அறை. கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால் அந்தக் கூரைக்கு அடியில், பரணில், இன்னும் அதிகம். அடுக்கி வைத்த கப்புகள் வாய் கோணி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பெட்டியில் கணிசமான பங்கு வீண். குளிர்நாட்டில் வராத பிரச்சினை இது. நம் கடற்கரை ஊர்களில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. பிஎல்ஏ சங்கிலியை அறுப்பது தண்ணீர்தான் என்பதால், வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நீண்ட நாள் இருப்பு வைத்தால் பொருள் நொறுங்கும் தன்மைக்குப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, ஓட்டு வீட்டின் தரைத்தளத்தில் வைத்து, முதலில் வந்ததை முதலில் தீர்ப்பது தவிர வேறு வழியில்லை.

இரண்டையும் கடைக்காரர் பொறுத்துக்கொண்டார். அவரை உடைத்தது மூன்றாவது.

தென்னங்கன்றின் அடியில் புதைத்த கப்

மஞ்சக்குப்பத்திலிருந்து வாடிக்கையாக வரும் ஓர் அம்மா, பலகையைப் பார்த்து நம்பி, குடித்த கப்புகளை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தென்னங்கன்றின் அடியில் புதைத்து வந்திருக்கிறார். கோடையில் பாத்தியைக் கொத்தும்போது அவை வெளியே வந்தன. ஒன்றைக் கழுவிக் கடைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "தம்பி, தீபாவளிக்கு முன்னாடி புதைச்சேன். பாருங்க, இன்னொரு தடவை சர்பத் ஊத்திக் குடிக்கலாம் போல இருக்கு." குறை சொல்லும் தொனி இல்லை, ஆனால் கேள்வி இருந்தது. நான் வேதியியல் படித்தவன் என்பதால் அன்று இரவே கடைக்காரர் கூப்பிட்டார். "அண்ணே, நான் ஏமாந்துட்டேனா?"

போய்ப் பார்த்தேன். கப் போலி இல்லை. தரக் குறியீடும் சான்றிதழ் எண்ணும் பெட்டியில் இருந்தன. சிக்கல் அந்தத் தரம் எதைச் சோதிக்கிறது என்பதில்தான் இருக்கிறது. ஐஎஸ்ஓ 17088-ம் ஐரோப்பாவின் இஎன் 13432-ம் அடிப்படையில் கேட்பது இது: 58 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், காற்றும் ஈரமும் உள்ள உரத்தில், 180 நாளுக்குள் பொருளின் கார்பனில் 90 சதவீதமாவது கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரத்தில் துண்டு துண்டாக உதிர்ந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. பெரிய உரத் தொழிற்சாலையின் குவியலில்தான் இந்த நிலைமை இருக்கும். மஞ்சக்குப்பத்துத் தோட்டத்து மண் கோடையிலும் 30 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினால் அதிகம்.

58 ஏன் முக்கியம்? முன்பு சொன்ன இளகும் வெப்பநிலையும் அதுவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இளகாத பிஎல்ஏ இறுகிக் கிடக்கும், அதன் சங்கிலிகளுக்கிடையே தண்ணீர் லேசில் நுழையாது. இளகினால் தண்ணீர் நுழைந்து சங்கிலியை வெட்டும். சங்கிலி போதுமான அளவு குட்டையான பிறகுதான் நுண்ணுயிர் அதைத் தின்னத் தொடங்கும். சுக்குக் காபியில் கப்பைக் கவிழ்த்த அதே குணம்தான் உரக்குழியில் அதை மக்க வைக்கிறது. அந்த வெப்பம் கிடைக்காத இடத்தில் அது வருஷக்கணக்கில் கப்பாகவே இருக்கும்.

வீட்டுத் தொட்டிக்கென்றே சான்று பெற்றவையும் முழு நம்பிக்கைக்கு உரியவை அல்ல. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பொதுமக்களின் வீட்டு உரத்தொட்டிகளில் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் மக்கும் என்று சான்று பெற்ற பிளாஸ்டிக்குகளில் 60 சதவீதம் முழுமையாகச் சிதையவில்லை. கடலைப் பற்றி நம் கடைக்காரர் கேட்டதற்கு இன்னும் கடினமான பதில் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பிஎல்ஏ இழைத் துணியைக் கடல்நீரில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். 428 நாள் கழித்தும் அது சிதைந்ததற்கான அடையாளம் இல்லை. 2023-இல் அந்தக் கட்டுரை வந்தது. மெல்லிய இழைக்கே இந்தக் கதி என்றால் தடித்த கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மணலில் விட்டுவிட்டுப் போன மக்கும் கப், அலைக்கும் ஆமைக்கும் மீனுக்கும் பிளாஸ்டிக் கப்தான்.

இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய்ப் பலகையைக் கழற்றினார்.

கப் போன வழி

சரி, கடற்கரைக் குப்பைத்தொட்டியில் ஒழுங்காகப் போட்டவர்களின் கப்பாவது எங்கே போகிறது? இரண்டு பேரும் அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தோம்.

தொட்டியில் எல்லாம் கலந்துதான் கிடக்கிறது. தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்கள் தெளிவான கப்பைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டில் சாக்கில் போடுகிறார்கள். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் போட்டாலும் இரண்டும் மூழ்கும். பழைய பிளாஸ்டிக் வாங்கும் கடையில் அது தெரிந்தால் தள்ளிவிடுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. பாட்டில் பிளாஸ்டிக்கான பெட் 250 டிகிரிக்கு மேல் உருகுவது. பிஎல்ஏ அதற்கு 80, 90 டிகிரி முன்பே உருகி, உலர்த்தும் இயந்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஆயிரம் கிலோ பெட் துகளில் ஒரு கிலோ பிஎல்ஏ கலந்தால்கூட மறுசுழற்சி ஆலைக்குத் தலைவலி. ஆக, நல்ல எண்ணத்தில் வாங்கிய கப், ஓரளவு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் பாட்டில் மறுசுழற்சியையும் கெடுக்கிறது.

மக்கும் குப்பையோடு சேர்த்துவிட்டால்? கடலூரைச் சுற்றியுள்ள ஓர் உரக்கூடத்தில் கேட்டோம். காற்றுப் போக ஓட்டை விட்டுக் கட்டிய தொட்டிகளில் காய்கறிக் கழிவை நிரப்பி, கரைசல் தெளித்து, கிளறி, ஒன்றரை இரண்டு மாதத்தில் உரம் எடுக்கிறார்கள். நேர்த்தியான வேலை. அங்கே பணிபுரியும் அக்கா கப்பைப் பார்த்ததும் எடுத்து வெளியே போட்டார். "பிளாஸ்டிக் மாதிரி இருந்தா எடுத்துடணும்னு சொல்லியிருக்காங்க. இது உரத்துல வந்தா எந்த விவசாயி வாங்குவாரு?" அவர் செய்தது முற்றிலும் சரி. தொட்டி சிறியது, சூடு மேலே போய்ச் சில நாளில் இறங்கிவிடுகிறது. எடுக்காமல் விட்டிருந்தாலும் கப் உருக்குலையாமல் வெளியே வந்திருக்கும்.

பண்ருட்டிக் குவியல்

அப்படியானால் இந்த ஊரில் எந்த வழியிலும் மக்காதா? இதைப் பார்த்துவிட வேண்டும் என்று பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டோம். பலா சீசனில் அவரிடம் தோலும் சக்கையும் மலையாகக் குவியும். அதோடு மாட்டுச் சாணமும், நம் ஜூஸ் கடையிலிருந்தே கொண்டுபோன கரும்புச் சக்கையும் சேர்த்து, ஆள் உயரத்துக்குப் பெரிய குவியல் போட்டோம். கப்புகளைக் கைகளால் கிழித்து நடுவில் வைத்தோம். சிலவற்றை முழுதாகவும், சிலவற்றைக் குவியலின் ஓரத்திலும் வைத்தோம்.

குவியல் பெரியதாக இருந்ததும் பலாச்சுளையின் மிச்சச் சர்க்கரையும்தான் வேலை செய்தன என்று நினைக்கிறேன். நடுப்பகுதியின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. கிளறிவிட்டு ஈரம் தெளித்ததும் மறுபடி ஏறியது. முதல் கிளறலிலேயே நடுவில் இருந்த துண்டுகள் தெளிவு போய்ப் பால்வெள்ளையாக மாறியிருந்தன. அடுத்த முறை விரலால் அழுத்தினால் அப்பளம்போல உடைந்தன. உரம் சலித்தபோது நடுவில் வைத்தவற்றில் சில செதில்களைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஓரத்தில் வைத்தவை வளைந்து அழுக்காகி முழுசாகக் கிடந்தன. ஒரே பொருள், ஒரே குவியல், நடுவுக்கும் ஓரத்துக்கும் இரண்டடி தூரம்.

இது ஆய்வகச் சோதனை இல்லை. கண்ணுக்குத் தெரியாத துண்டுகள் மண்ணில் எவ்வளவு தங்கின என்று நாங்கள் அளக்கவில்லை. ஆனால் கடைக்காரரின் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. கப் பாதிதான். மீதிப் பாதி அந்தச் சூடான குவியல். குவியலும், கப்பைக் குவியல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளும் இல்லாமல் கப்பை மட்டும் வாங்குவதில் பலன் இல்லை.

வெளிநாட்டில் இது ஓடும் இடங்களிலும் காரணம் இதுவேதான். இத்தாலியில் 2011-இல் சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை வந்தது. மிலான் நகரம் 2012-இல் தொடங்கி வீட்டுச் சாப்பாட்டுக் கழிவைத் தனியாகச் சேகரிக்கிறது. மக்கள் மக்கும் பையில் கழிவைக் கட்டிப் போடுகிறார்கள், பையோடு அது கழிவைப் பதப்படுத்தும் ஆலைக்குப் போகிறது. அங்கே முதலில் வந்தது சேகரிப்பும் ஆலையும். பை அதற்குத் துணை. மக்கும் பிளாஸ்டிக்கின் சரியான வேலை இதுதான் என்பது என் முடிவு: சாப்பாடு ஒட்டிய, கழுவ முடியாத, மெல்லிய பொருள், அதுவும் சாப்பாட்டுக் கழிவோடு சேர்ந்தே உரத்துக்குப் போகும் இடத்தில். நம் ஊரில் கல்யாண மண்டபம், கல்லூரி விடுதி, மருத்துவமனை கேண்டீன் இவை அந்த மாதிரி இடங்கள். வாசல் ஒன்று, குப்பை ஒரே இடத்தில் சேரும், இலையும் மிச்சச் சோறும் ஏராளம். கடற்கரையில் நின்று குடிக்கும் சர்பத் அதற்கு நேர் எதிர்.

கடை இப்போது

உட்கார்ந்து குடிப்பவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். மணலுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், முன்பணம் வாங்கிக்கொண்டு. திருப்பித் தந்தால் பணம் முழுதாகத் திரும்பும். நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்ததே, அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை. சொந்த பாட்டில் கொண்டுவந்தால் விலையில் குறைப்பு. டம்ளர் கழுவ ஒரு ஆள் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது, வெந்நீருக்குத் தனி அடுப்பும் வைத்தார். கப் வாங்கிய செலவையும் இதையும் வைத்துப் பார்த்தால் மாதச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார். கூட்டம் நெரியும் காணும் பொங்கல் மாதிரி நாளில் மட்டும் இந்த முறை திணறுகிறது. அன்றைக்கு டம்ளர் போதவில்லை.

சுண்டலுக்கு மந்தாரை இலை, இல்லாத நாளில் வாழை இலை நறுக்கு. கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த கிண்ணத்தையும் யோசித்தார். அது நார்தான், பிளாஸ்டிக் இல்லை, சின்ன உரத்தொட்டியிலேயே மக்கும். ஆனால் எண்ணெயும் தண்ணீரும் ஊறாமல் இருக்கச் சில தயாரிப்பாளர்கள் பிஃபாஸ் எனப்படும் புளோரின் சேர்மங்களைச் சேர்ப்பது உண்டு. அவை மண்ணிலும் உடம்பிலும் அழியாமல் தங்குபவை. உணவுக் காகிதத்தில் எண்ணெய் ஊறாமலிருக்க இவற்றைச் சேர்த்து விற்பது அமெரிக்காவில் நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. பிஃபாஸ் இல்லை என்று எழுத்தில் தரும் விற்பனையாளர் கிடைக்கும்வரை இலையே போதும் என்று இருக்கிறார்.

கோணாமல் மீந்த பிஎல்ஏ கப்புகளைப் பலாத்தோப்பு நண்பர் வீட்டுக் காதணி விழாவுக்குக் கொடுத்தோம். மோர் குடித்த கப்புகள் அன்றே சாணத்தோடு குவியலின் நடுவுக்குப் போயின.

கப் விற்ற வியாபாரி சமீபத்தில் மறுபடி வந்தார். கடைக்காரர் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: குடித்த கப்பைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? வியாபாரிக்கு அந்தக் கேள்வி புதிது. பிறகு பேசியதில், பக்கத்துக் கல்யாண மண்டபங்கள் இரண்டு சேர்ந்தால் வண்டி வைத்துப் பண்ருட்டிவரை கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தோப்புக்காரர் சாப்பாட்டுக் கழிவும் சேர்ந்து வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார், வெறும் கப் வேண்டாமாம். ஒரு மண்டபம் ஒப்புக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் கழிவைத் தனியாகப் பிரிக்க யார் நிற்பது என்பதில் பேச்சு நிற்கிறது.